காட்டுக்குளியல் மருந்தல்ல

மரங்களிடையே நிதானமாக உலவும் காட்டுக்குளியல் ஜப்பானியரின் ஆயிரமாண்டு மருத்துவம், புற்றுநோயையே அண்டவிடாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆயிரமாண்டு எங்கே இருக்கிறது? நகரத்து மக்களைக் காட்டுக்கு வரவழைக்க 1982இல் ஜப்பான் வனத்துறை தொடங்கிய இயக்கம் அது. நாகனோவின் அகசாவா ஹினோகி மரக் காட்டில் பிறந்தது.

புற்றுநோய்ப் பேச்சுதான் ஆபத்தானது. அதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது டோக்கியோ மருத்துவர் சிங் லீ குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு. 12 ஆண்கள் மூன்று நாள் காட்டுப் பயணம் போனார்கள்; அவர்கள் இரத்தத்தில், புற்றணுக்களையும் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களான இயற்கைக் கொல்லி செல்களின் செயல்பாடு கூடியது. அவ்வளவுதான். யாருடைய கட்டியும் கரையவில்லை. அவர்கள் நோயாளிகளே அல்லர், நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள். அந்த அளவீட்டை மதிக்கிறேன். அதைச் சிகிச்சையாக விற்பதை ஏற்கவே மாட்டேன்.

எல்லாக் காடும் எல்லார் உடம்புக்கும் ஒத்துவருவதுமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டட மரத்துக்காக ஜப்பான் மலைகளில் நட்டுக் குவித்த சுகி மரங்களின் மகரந்தம் இன்று கோடிக்கணக்கானோரை ஒவ்வாமையில் தள்ளுகிறது.

மரநிழலில் நடந்தால் படபடப்பு தணியும், மனம் இலகுவாகும். காட்டுக்குப் போக அந்தக் காரணமே போதும். ஆனால் உடம்பில் கட்டி தென்பட்டால், தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் போங்கள்.