பட்டெல்லா தெரியலைன்னா முட்டாளா?

மொதல்லயே சொல்லிடறேன், இது ஆங்கிலத்துக்கு எதிரான புலம்பல் இல்லை. உடற்கூறியல் பரீட்சைக்கு அர்த்தமே தெரியாம மனப்பாடம் பண்ற பிள்ளைகளைப் பத்தினது.

புதுக்கோட்டையில 2017ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2020ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வந்துச்சு. ரொம்ப நல்ல விஷயம். ஆலங்குடியிலயோ கறம்பக்குடியிலயோ சிறுநீரகம், கணையம், மண்ணீரல்னு பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச பிள்ளை சீட்டு வாங்குது. உள்ளே போனதும் கிட்னி, பேன்கிரியாஸ், ஸ்ப்ளீன். அப்புறம் 206 எலும்பு. அதுல இருக்கிற மேடு, பள்ளம், ஓட்டைக்கெல்லாம் தனித்தனிப் பேரு. புரியலைன்னு கேட்டா "தமிழ் மீடியமா?"ன்னு ஒரு பார்வை பார்க்கறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களோடதான் எனக்குச் சண்டை.

அய்யா, அந்தப் பேரெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலமே கிடையாது. லத்தீனும் கிரேக்கமும்! பட்டெல்லான்னா லத்தீன்ல சின்னத் தட்டு. நாம முட்டிச்சில்லுங்கறோம். கிளாவிக்கிள்னா குட்டிச் சாவி. நமக்கு அது காறை எலும்பு, கழுத்துல காறை கிடக்கிற இடம். காக்ளியான்னா நத்தை, காதுக்குள்ள சுருண்டு கிடக்கு. டியோடினம்ங்கற பேரு பன்னிரண்டுல இருந்து வந்தது. 12 விரல் அகலத்துக்கு நீளம்னு கணக்கு. இதைத் தமிழ்ல சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? சொல்லிட்டா அந்தப் பிள்ளைக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

"தமிழ்ல மருத்துவமா, நடக்கிற காரியமா?" நடந்துச்சே! 1847ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மொதல்ல ஆங்கிலத்துலதான் சொல்லிக் கொடுத்தார். படிச்சவங்க அரசாங்க உத்தியோகம் தேடிக் கிளம்பிட்டாங்க, கிராமத்துல வைத்தியம் பார்க்க ஆளில்லை. 1860கள்ல தமிழுக்கு மாறினார். 1858ல லண்டன்ல வந்த கிரேயோட உடற்கூறு நூல், 1872ல 'மனுஷ அங்காதிபாதம்'னு தமிழ்ல வந்துடுச்சு.

"நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி 1912லயே ஆங்கிலத்துல படிச்சு டாக்டராகலையா?" ஆனாங்க, பெருமைதான். ஆனா அவங்க அப்பா மகாராஜா கல்லூரி முதல்வர். நடவுக்குப் போற அம்மாவோட பிள்ளைக்கு வீட்டுல யாரு சொல்லித் தருவா?

பரீட்சையை ஆங்கிலத்துலயே எழுதட்டும், உலகம் பூரா படிக்க அது வேணும். ஆனா வகுப்புல மொதல்ல தமிழ்ல விளக்குங்க. புத்தகத்தை மொழிபெயர்த்து அலமாரியில வச்சா மட்டும் போதாது. வாய்மொழித் தேர்வுல பிள்ளை தடுமாறினா "தமிழ்லயே சொல்லும்மா"ன்னு கேளுங்க. விஷயம் தெரியலையா, வார்த்தை வரலையான்னு அப்பத்தான் பிரிச்சுப் பார்க்க முடியும்.

நாளைக்கு அதே பிள்ளைகிட்ட ஒரு ஆத்தா வந்து "நெஞ்சு கரிக்குது"ன்னு சொல்லும். அது இதயமா இரைப்பையான்னு தமிழ்லதானே நாலு கேள்வி கேட்டாகணும்? அதைக் கல்லூரியிலயே பழக்கினா என்ன குறைஞ்சு போயிடும்?