பழைய பேஸ் கிடாருக்கு முதல் வைத்தியம் பெயிண்ட் இல்ல, எர்த்து

இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. ஒரு பழைய பேஸ் கிடாரைப் பத்தி எழுதப் போறேன். சுத்திச் சுத்தி கடைசில இதயத்துக்கிட்டதான் வந்து நிக்கும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

எங்க சித்தப்பா 1980கள்ல கல்ஃப்ல இருந்து வரும்போது டேப் ரிக்கார்டரோட ஒரு பேஸ் கிடாரும் கொண்டு வந்தாரு. களியக்காவிளை சுத்துவட்டாரத்துல கானமேளா கொடிகட்டிப் பறந்த காலம் அது. பார்டர் ஊர் இல்லையா? ஒரே ராத்திரி, ஒரே மேடை. பாதி ராஜா சார் பாட்டு, பாதி மலையாளப் பாட்டு. சர்ச் திருவிழா, கோயில் திருவிழா, கிளப் ஆண்டு விழான்னு சித்தப்பா அந்தக் கிடாரைத் தோள்ல போட்டுட்டு அலைஞ்சாரு. அப்புறம் கீபோர்டுலயே பேஸ் வந்துருச்சு. கிடார் பரணுக்குப் போச்சு.

போன வருஷம் இறக்கிப் பார்த்தேன். வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர்ல இருபது வருஷம் பரண்ல கிடந்தா என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. சாவி துருப்பிடிச்சுக் கிடக்கு. வால்யூமைத் திருகினா சட்டியில கடுகு பொரியுற சத்தம். தலையில இருந்த கம்பெனி பேரு அழிஞ்சு போச்சு, பின்னால இரும்புத் தகட்டுல ஜப்பான்னு மட்டும் இருக்கு.

லியோ ஃபெண்டர் 1951ல கொண்டு வந்த பிரிசிஷன் பேஸை அச்சு அசலா காப்பி அடிச்சு 70கள்ல ஜப்பான்காரங்க நிறைய செஞ்சாங்க. கிடார்ல இந்தக் காப்பி வேலை முத்திப் போய்தான் 1977ல கிப்சனோட தாய்க் கம்பெனி அமெரிக்காவுல கேஸே போட்டுச்சு. இதுவும் அந்தக் கூட்டத்துல ஒண்ணுன்னு நினைக்கிறேன். பெரிய விலை போகாது. எங்களுக்குப் பெருசு.

அக்கா மகன் காலேஜ் படிக்கிறான், சர்ச் கொயர்ல வாசிக்கிறான். பார்த்ததுமே, "மாமா, இத அப்படியே உரிச்சு மேட் பிளாக் அடிப்போம். ஆக்டிவ் பிக்கப் போடுவோம். கொள்ளாம் மாமா, செமயா இருக்கும்"ன்னான்.

"லே மக்கா, சித்தப்பாவுக்க கை தேஞ்ச இடம்லே அது"ன்னேன்.

"அவருக்கே ஞாபகம் இருக்காது மாமா."

இதுல அவன் பக்கமும் நியாயம் இருக்கு. ஜேக்கோ பாஸ்டோரியஸ்னு ஒரு மகா கலைஞன். 1962 மாடல் ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட் எதுவும் இல்லாம ஆக்கி, பள்ளத்தை அடைச்சு, அதுமேல போட்டுக்கு அடிக்கிற எபாக்ஸியைப் பூசி வாசிச்சாரு. அன்னிக்கு யாராவது "வின்டேஜ், கை வைக்காதே"ன்னு தடுத்திருந்தா அந்தச் சத்தமே பிறந்திருக்காது. இந்தப் பக்கம் ஜேம்ஸ் ஜேமர்சன். மோடவுன் பாட்டுகளோட முதுகெலும்பு. அவரு கம்பியைக்கூட மாத்த மாட்டாருன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் மேதைங்க. அதனால இதுல ஒரே சரின்னு ஒண்ணு கிடையாது.

எனக்க கட்சி இதுதான். திருப்பி எடுக்க முடியுற மாற்றம் எதுவும் செய்யலாம். உளி வைக்கிறது, உரிக்கிறது, புதுசா ஓட்டை போடுறது வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க யோசிக்கிற மாதிரிதான். வெட்டினதை ஒட்டலாம், வெட்டாத மாதிரி ஆக்க முடியாது.

கழுத்துதான் பெரிய வேலை. நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 75 கிலோ இழுவை. அதை எதிர்த்து நிக்கிறதுக்குக் கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது. கால் சுத்து திருகணும், ஒரு நாள் விடணும், பார்க்கணும், மறுபடி கால் சுத்து. நாலஞ்சு நாள்ல நிமிர்ந்துச்சு. ஒரே நாள்ல நிமித்திருவேன்னு மல்லுக்கட்டினா உள்ள முறிஞ்சிரும். ஃப்ரெட் தேய்மானத்தை திருவனந்தபுரத்துல ஒருத்தர் அரம் போட்டுச் சமன் பண்ணிக் கொடுத்தாரு. வால்யூமுக்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சதும் கடுகு அடங்கிருச்சு. சால்டரிங் வேலைய நானும் மருமகனும் செஞ்சோம். பழைய ஈயத்துல ஈயம் உண்டு, ஜன்னலைத் திறந்து வச்சு செய்யுங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவாம டீ கிளாஸைத் தொடாதீங்க. (டாக்டர் புத்தி, விடாது.)

சரி, விஷயத்துக்கு வாரேன்.

ரெடி ஆனதும் ஒரு ஊர் திருவிழாவுக்கு மருமகன் எடுத்துட்டுப் போனான். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இடது கை கம்பியில இருக்கு, கோரஸ் பாட மைக்குக்கு வாயைக் கொண்டு போறான். உதட்டுல சுரீர்னு ஒரு அடி. தலையைப் பின்னால இழுத்துட்டான். நல்லவேளை கை மைக்கைப் பிடிக்கல.

எல்லாரும் கிடாரைத்தான் திட்டினாங்க. "பழசு, லீக் ஆகுது." கிடாருக்குள்ள கரண்டே கிடையாது மக்களே. ஒரு காந்தம், ஒரு சுருள், அவ்வளவுதான். இரைச்சல் வராம இருக்கிறதுக்காகக் கம்பியை ஒரு வயர் மூலமா ஆம்பிளிஃபயர் உடம்போட இணைச்சிருப்பாங்க. அந்த ஆம்ப்ல எர்த்து ஒழுங்கா இருந்தா கம்பியும் பத்திரம். ஆனா மேடையில என்ன செய்வோம்? மூணு பின் பிளக் சொருகாதுன்னு எர்த்து பின்னை உடைப்போம். இல்ல ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன்ல சொருகுவோம். ஆம்ப்ல சின்னப் பழுது இருந்தாலும் 230 வோல்ட் அதன் உடம்புக்கு வந்து, அங்க இருந்து கம்பிக்கு வந்திரும். மைக் வேற லைன்ல எர்த்தாகி நிக்கும். நடுவுல நம்ம பையன். கையில ஏறி உதட்டுல இறங்குது. வழியில நெஞ்சு இருக்கு.

10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடிச்சதை விட முடியாமப் போகலாம். 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா ஓடினா இதயம் துடிக்காம நடுங்க ஆரம்பிக்கலாம். வேர்வைக் கை, ஈர உதடு, வெறுங்கால். தோல் கொடுக்கிற தடையும் போயிருச்சு.

1972 மே மாசம் ஸ்வான்சீ மேடையில லெஸ்லி ஹார்வே மைக்கைத் தொட்டு இறந்தாரு. 27 வயசு. 1976ல யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டுல கிடார் வாசிக்கும்போதே போனாரு.

சிலர் உள்ள இருக்கிற எர்த்து வயரை வெட்டி விடச் சொல்லுதாங்க. அது காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். இரைச்சல் கூடும், ஆம்ப் அப்படியேதான் இருக்கும். மருமகன் கேட்ட ஆக்டிவ் பிக்கப்ல ஒரு நல்லது உண்டு, ஒத்துக்கிறேன். இஎம்ஜி மாதிரி சிலதுல கம்பிக்கு எர்த்து வயரே தேவையில்ல. ஆனா மேடை சரியில்லன்னா அடுத்தவன் கிடார்ல அதே அடி விழும்.

நாங்க என்ன செஞ்சோம்னா, ஒரு எலக்ட்ரீஷியனை வச்சு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்ட ஒரு சின்னப் பெட்டி செஞ்சோம். கரண்டு வழி தவறி உடம்பு வழியா ஓடினா கண் சிமிட்டுற நேரத்துல லைனை வெட்டிரும். நல்ல பேஸ் கம்பி ஒரு செட் வாங்குறதைவிடக் கம்மியாத்தான் ஆச்சு. வாசிக்கிற எல்லாரும், மைக் மிக்சர் உட்பட, அதுல இருந்துதான் எடுக்கணும். டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பார்க்கணும். ஜெனரேட்டர்ல ஓடுற மேடைன்னா அதோட நியூட்ரலை எர்த்தோட கட்டியிருக்கான்னு கேளுங்க. கட்டலன்னா இந்தப் பெட்டி பேசாமக் கிடக்கும். "ஏ, இதெல்லாம் டாக்டர் கேக்குதாரு பாரு"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

யாராவது ஒட்டிக்கிட்டா ஓடிப்போய்த் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. பேச்சு மூச்சு இல்லன்னா 108க்கு ஒருத்தர் போன் பண்ணும்போதே இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல அமுக்க ஆரம்பிக்கணும். நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். பேஸ் வாசிக்கிறவனுக்கும் டிரம்ஸ்காரனுக்கும் டெம்போ சொல்லித் தர வேண்டாம்.

போன மாசம் சித்தப்பா கையில கிடாரைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் எதுவும் வாசிக்கல. பெருவிரலை மட்டும் அந்தத் தேஞ்ச இடத்துல வச்சுப் பார்த்தாரு. மருமகன் இப்போ மேட் பிளாக் பத்திப் பேசுறதில்ல. பிக் கார்டை மட்டும் கறுப்பா மாத்தலாமான்னு கேட்கிறான். அது நாலு ஸ்க்ரூ சமாச்சாரம், பழசைக் கவர்ல போட்டு வச்சுட்டு மாத்திக்கோலேன்னு சொல்லியிருக்கேன்.