கொள்ளை போன பலிபீடம் வீடு திரும்பிய கதை

போரில் கொள்ளையடிக்கப்பட்ட கலைச் செல்வங்களைத் தேடும் வேலை ஐரோப்பாவில் இன்னும் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் இழந்தவை என்று போலந்து அரசு பதிவு செய்து வைத்திருக்கும் பொருள்கள் 60,000-க்கும் அதிகம். கிராகோவ் நகரிலிருந்து பறிபோன ராஃபேலின் ஓவியம் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால், அதே நகரின் பெரிய மரச்சிற்பத் தொகுதி ஒன்று பத்திரமாகத் திரும்பியது. அது எப்படி நடந்தது என்பது எல்லாச் சமயத்தாரும் கவனிக்க வேண்டிய செய்தி.

கிராகோவ் புனித மரியன்னை தேவாலயத்தில், பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் போல் எழுந்து நிற்கிறது இந்தத் தொகுதி. உயரம் சுமார் 13 மீட்டர். ஃபைட் ஸ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை இதைச் செய்தார். செலவை ஏற்றவர்கள் அந்நகர மக்கள். நடுவில், உயிர் பிரியும் நேரத்தில் சாயும் மரியன்னையைத் திருத்தூதர்கள் தாங்கி நிற்கிறார்கள். பெரிய உருவங்கள் ஆள் உயரத்தையும் தாண்டியவை. லிண்டன் மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, தங்க ரேக்கு ஒட்டப்பட்டவை.

1939-இல் போர் நெருங்கியதும் போலந்து மக்கள் சிலைகளைக் கழற்றி, விஸ்துலா ஆற்றின் வழியே வேறு ஊருக்கு அனுப்பி மறைத்தார்கள். நாஜிகள் அதையும் கண்டுபிடித்து ஜெர்மனிக்குக் கொண்டு போனார்கள். ஸ்டோஸ் ஜெர்மானியர், ஆகவே அவர் படைப்பும் தங்களுடையதே என்பது அவர்கள் வாதம். காசு கொடுத்துச் செய்வித்து, நானூற்றைம்பது ஆண்டுகள் அதன் முன் மண்டியிட்ட மக்களின் உரிமை அவர்கள் கணக்கில் வரவில்லை.

நாடு பறிபோன நிலையிலும் கரோல் எஸ்ட்ரைகர் என்ற போலந்து அறிஞர் லண்டனில் இருந்தபடி, இழந்த பொருள்களைப் பட்டியலிட்டு 1944-இல் நூலாக வெளியிட்டார். போர் முடிந்தபின் நூரம்பெர்க் கோட்டைக்கு அடியில் இருந்த பாதுகாப்பு அறைகளிலிருந்து சிலைகள் மீட்கப்பட்டன. 1946-இல் அவரே அவற்றை ரயிலில் கிராகோவ் கொண்டு வந்து சேர்த்தார்.

ஊர் திரும்பியும் தேவாலயம் சேரத் தாமதமானது. பழுது பார்த்து முடித்த பிறகும் சிலைகள் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1957-இல்தான் பழைய இடத்துக்குப் போயின. கலைப்பொருளாகப் பார்ப்பவர்களுக்கும் வழிபடும் பொருளாகப் பார்ப்பவர்களுக்கும் இடையிலான இழுபறி, இன்றும் சிலை மீட்பு நடக்கும் பல நாடுகளில் தொடர்கிறது.

திரும்பி வந்ததோடு பொறுப்பும் தீரவில்லை. ஈரம் ஏறினால் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும். அப்போது மேலே பூசிய சுண்ணப் பூச்சும் வண்ணமும் வெடித்து உதிரும். தூசி, மெழுகுவர்த்திப் புகை, பூச்சி அரிப்பு வேறு. அதனால் 2015-இல் தொடங்கிய விரிவான சீரமைப்பு 2021-இல்தான் முடிந்தது.

பக்தி மட்டும் இந்தச் சிலைகளைக் காப்பாற்றவில்லை. எது எங்கே இருந்தது என்ற பதிவும், விடாமல் கேட்ட உரிமைக் குரலும், தொடர்ந்த பராமரிப்பும் சேர்ந்தே காப்பாற்றின. கோயிலோ தேவாலயமோ, தன்னிடம் உள்ள பழம்பொருளைப் படமெடுத்து, அளந்து, எழுதி வைக்க அதிகச் செலவாகாது. களவு போன பிறகு அந்த ஏடு இல்லையென்றால், நம்முடையது என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.