ரவுண்டானாவில் இன்னொரு சுற்று

நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வருவதும், தேறியபின் வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று நாங்கள் கருதுகிறோம். அறுவை அரங்கில் காட்டப்பட்ட கவனம் வீட்டு வாசல்வரை தொடர வேண்டும். ஆகவே இம்முறை சாலையைப் பற்றி, குறிப்பாகப் பல தடங்கள் கொண்ட ரவுண்டானாக்களைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

கோவை நகரில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னல்கள் நீக்கப்பட்டு, ரவுண்டானாக்களும் யூ-டர்ன்களும் அமைக்கப்பட்டுள்ளன. லாலி ரோடு சந்திப்பு பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அன்றாடம் அவற்றைக் கடக்கும் உள்ளூர்வாசிகளுக்கு அவை பழகிவிட்டன. ஆனால் பொள்ளாச்சியிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ நோயாளியைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு வருபவரின் நிலை வேறு. எந்தத் தடத்தில் நுழைவது, எந்த வழியில் வெளியேறுவது என்பதை அவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. பின்னால் ஹாரன் ஒலி. அருகில் வலியால் முனகும் உறவினர். தவறு நிகழ ஏற்ற சூழல் இது.

ரவுண்டானாவே ஆபத்தானது என்ற கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே. அனைவரும் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதல் அரிதாகிறது. தடங்கள் இரண்டு மூன்று என்று பெருகும்போது இந்த நன்மை ஓரளவு குறைகிறது. வட்டத்துக்குள் தடம் மாறுவோர் ஒருவரையொருவர் உரசும் வாய்ப்பு உண்டாகிறது. எனவே பல தட ரவுண்டானாவில் பாதுகாப்பு என்பது, பெரும்பாலும், உள்ளே நுழையும் முன்பே தடத்தைத் தேர்ந்துகொள்வதுதான்.

முதல் விதி, உள்ளே சுற்றிக்கொண்டிருப்போருக்கே முன்னுரிமை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதையே கூறுகின்றன. பிரிட்டனில் இவ்விதி 1966 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், நுழைவோர் முண்டியடித்ததால் வட்டமே அடைபட்டு, வெளியேற வேண்டியவரும் வெளியேற இயலாமல் நின்றதுண்டு. “நாம் நின்றால் நம்மை யாரும் உள்ளே விடமாட்டார்கள்” என்று சிலர் சொல்வதை நாங்களும் அறிவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வலப்புறம் பார்த்து, வேகத்தைத் தணித்து, போதிய இடைவெளி கிடைத்தபின் நுழைபவர் இழப்பது சில நொடிகளையே.

இடப்புறம் திரும்புவோர் இடப்பக்கத் தடத்தில், இடப்பக்க இண்டிகேட்டருடன் செல்ல வேண்டும். நேரே செல்வோர், சாலையில் வேறு குறியீடு இல்லாவிடில், இடப்பக்கத் தடத்திலேயே நுழைந்து அதிலேயே வெளியேறலாம். வலப்புறம் செல்வோரும் வந்த திசையிலேயே திரும்புவோரும் வலப்பக்கத் தடத்தில், வலப்பக்க இண்டிகேட்டருடன் நுழைய வேண்டும். தாம் வெளியேற வேண்டிய வழிக்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடப்பக்க இண்டிகேட்டருக்கு மாற்றி, இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து வெளியேற வேண்டும். அந்த இடைவெளியில் ஓர் இருசக்கர வாகனம் நுழைந்திருக்கக்கூடும். பேருந்தும் லாரியும் வளையும்போது அவற்றின் பின்சக்கரங்கள் உட்புறமாக நகரும்; வட்டத்துக்குள் அவற்றின் பக்கத்தில் ஒட்டிச் செல்லலாகாது.

வெளியேற வேண்டிய வழி தவறிவிட்டால் என்ன செய்வது? இதற்கான விடையையே இக்கட்டுரையின் சாரமாகச் சொல்ல விரும்புகிறோம்: இன்னொரு சுற்று சுற்றுங்கள். வட்டத்தில் நின்றுவிடாதீர்கள், பின்னோக்கி வராதீர்கள், இரண்டு தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேற முயலாதீர்கள். நம் சாலைகளில் வழி தவறியவர் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடிப்பதையே நாம் அடிக்கடி காண்கிறோம். தாமதமாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் மருத்துவரைச் சந்திக்கும் நேரம் ஒரு சுற்றினால் கைநழுவிப் போகாது.

நோயாளியை ஏற்றிச் செல்வோர் வேகத்தைத் தணிக்க மற்றொரு காரணமும் உண்டு. வளைவில் வேகம் இரு மடங்கானால் உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் சுற்றும்போது மெல்லச் சாயும் உடல், 40 கிலோமீட்டரில் கதவின்மீது அழுத்தப்படும். நலமானவர் கைப்பிடியைப் பற்றிச் சமாளிப்பார். வயிற்றில் தையலோடும் இடுப்பில் புதிய மூட்டோடும் இருப்பவரால் இயலாது. தையல் வலிக்கும் என்று சீட் பெல்ட்டைத் தவிர்ப்பதும் தவறு. அதன் கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அல்லாமல் இடுப்பெலும்பின்மீது படியுமாறு அணிவிக்க வேண்டும். அமரவே இயலாத நோயாளியைப் பின்னிருக்கையில் கிடத்திக் கொண்டுசெல்வதைவிட ஆம்புலன்ஸை நாடுவதே நன்று.

ஆம்புலன்ஸின் ஒலி கேட்டால், வட்டத்துக்குள் சட்டென்று நிற்பது அதன் வழியையே அடைத்துவிடும். உள்ளே இருப்பவர் தம் வழியில் வெளியேறி, அதன்பின் இடப்புறம் ஒதுங்க வேண்டும். நுழையாதவர் அங்கேயே ஓரமாக நிற்க வேண்டும். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. உள்ளே இருப்பவர் யாரோ ஒருவரின் தந்தை, யாரோ ஒருவரின் குழந்தை என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிலர் அன்றைய தினம் வாகனம் ஓட்டவே கூடாது. மயக்க மருந்து பெற்றவர் குறைந்தது 24 மணி நேரம் ஓட்டலாகாது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டவருக்குச் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். கழுத்துப் பட்டை அணிந்தவரால் ரவுண்டானாவில் வலப்புறம் முழுமையாகத் திரும்பிப் பார்க்க இயலாது. ஒவ்வாமைக்கும் வலிக்கும் தரப்படும் மாத்திரைகள் சில தூக்கத்தை வரவழைக்கும். நோயாளியின் அருகில் இரவெல்லாம் கண்விழித்திருந்த மகனையும் மகளையும் இப்பட்டியலில் சேர்க்கிறோம். அவர்கள் மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை. ஆனால் உறக்கமின்மை கவனத்தை மழுங்கச் செய்கிறது.

சாலையை அமைப்போரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ரவுண்டானாவை நெருங்குவதற்கு வெகுமுன்னரே எந்தத் தடம் எந்தச் சாலைக்கு என்பதைத் தரையில் வண்ணமிட்டும் பலகையில் எழுதியும் காட்ட வேண்டும். மருத்துவமனைகள் உள்ள திசையை அப்பலகையில் குறிப்பிட வேண்டும். அழிந்த கோடுகளை மழைக்காலத்துக்குப்பின் புதுப்பிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் நோயாளியின் குடும்பத்திடம் முன்கூட்டியே தடத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அதற்கான வழிகாட்டுதலைத் தராமலிருப்பது முறையன்று.

டிஸ்சார்ஜ் நாளில் மருந்துச் சீட்டைப் பெறும்போது, செவிலியரிடமோ மருத்துவரிடமோ ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: “இன்று நான் வண்டி ஓட்டலாமா?” வேண்டாம் என்று அவர் சொன்னால், சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நோயாளியின் அருகில் அமருங்கள்.