ஓடுகிற லேப்டாப்பைப் பரணில் போடுவதா?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதன்பின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியர் லேப்டாப் பெற்றார்கள். திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பள்ளிகளுக்கும் அவை வந்தன. பல வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அக்காள் படித்து முடித்ததும் தம்பிக்கு வந்தது.

இப்போது அதற்கு ஒரு சோதனை!

லேப்டாப்பை இயக்கும் அடிப்படை ஏற்பாட்டுக்கு 'இயங்குதளம்' என்று பெயர். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் கம்பெனி திருத்தம் அனுப்பும். விண்டோஸ் 7-க்கு அது 2020-ல் நின்றது. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அடுத்தது விண்டோஸ் 11. அது பழைய லேப்டாப்பை ஏற்க மறுக்கிறது.

ஏன் மறுக்கிறது?

'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சாதனம் உள்ளே இருக்க வேண்டுமாம். இன்டெல் சிப் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்ததாக இருக்க வேண்டுமாம். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் இதைச் சுலபமாகச் சொல்லலாம். பூட்டு பழையது, ஆகவே வீட்டையே காலி செய் என்கிறார்கள்!

குறுக்கு வழி இருக்கிறது. பென்டிரைவ் தயாரிக்கும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். சில சமயம் விண்டோஸ் 11 ஏறியும் விடும். அதன்பின்? இப்படி ஏற்றிய லேப்டாப்புக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாப்ட் கூறிவிட்டது. 2024-ல் வந்த பதிப்பு மிகப் பழைய சிப்களில் தொடங்குவதே இல்லை. வங்கிக் கணக்கும் கல்லூரிக் கட்டணமும் பார்க்கிற லேப்டாப்பில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

லினக்ஸ் இருக்கிறது. காசு கிடையாது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். வேடிக்கை என்னவென்றால், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அரசு தந்த லேப்டாப்களில் விண்டோசுடன் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு!

எங்கே சிக்கும்?

முதலில் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். 'டிஸ்க் முழுவதையும் அழி' என்பதற்குச் சம்மதம் கொடுத்தால், போனது போனதுதான்.

புதிய லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகியும் பழைய விண்டோசே வருகிறதா? லேப்டாப் கெட்டுவிடவில்லை. பவர் பொத்தானை அமுக்கியவுடன் எப்-2, எப்-12 போன்ற ஒரு விசையைத் தட்ட வேண்டும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரும் பட்டியலில் பென்டிரைவை முதலில் வைக்க வேண்டும். 'செக்யூர் பூட்' தடுத்தால் அதை நிறுத்த வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வைபை வராமல் போகலாம். பலர் மனம் தளர்ந்து விட்டுவிடும் இடம் இதுதான். சில வைபை சிப்களுக்குத் தனி 'டிரைவர்' தேவை. செல்போனைக் கம்பியால் இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டால் நெட் கிடைக்கும். டிரைவரை அதன் மூலம் இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு குறையும் உண்டு. டேலி போன்ற விண்டோஸ் புரோகிராம்கள் லினக்சில் நேராக ஓடாது. வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் யோசித்துச் செய்ய வேண்டும்.

இத்தனையையும் ஒரு விவசாயக் குடும்பம் தனியாகச் செய்துகொள்ள வேண்டும் என்பது நியாயமா? இவை மக்கள் வரிப்பணத்தில் வாங்கியவை. ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களும் அங்கே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்த அரசு ஏற்பாடு செய்யலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் லேப்டாப் அறிவிக்கப்பட்டது. இனி கொடுக்கும் ஒவ்வொன்றிலும், எந்த ஆண்டு வரை திருத்தம் வரும் என்பதை மூடியின் மேல் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.