இணைப்பும் ஒரு மருந்தே

உடல் எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகள் பெருகியபின், அவற்றோடு வேறொன்றையும் சேர்த்துக் குத்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றி வருகிறது. அவ்வாறு சேர்க்கப்படுவனவற்றுள் ஒன்று பி.பி.சி.157 என்னும் பெப்டைடு. பதினைந்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. மனித இரைப்பைச் சாற்றிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று கூறப்படுகிறது. விற்கப்படுவதோ ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்டது. எடைக்குறைப்பு ஊசிகளுள் ஒன்றான செமாக்ளூடைடு தரும் குமட்டலைத் தணிக்கும், எடையோடு கரையும் தசையைக் காக்கும் என்பது விற்போர் வாக்கு. அவ்வாக்குக்குச் சான்று யாது? இவ்விரண்டையும் ஒருசேர மனிதர்க்குக் கொடுத்து, முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் மருத்துவ ஏடுகளில் வெளிவந்ததில்லை.

உள்ளவை பெரும்பாலும் எலிகளிடம் செய்தவை. குரோவாசியாவின் சாக்ரெப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று 1990களின் தொடக்கம் முதல் இப்பெப்டைடை ஆராய்ந்து, குடற்புண்ணும் தசைநாண் காயமும் விரைந்து ஆறுவதாக எழுதி வந்துள்ளது. கட்டுரைகள் பல, ஆயினும் அவற்றுட் பெரும்பகுதி அந்த ஒரு குழுவினின்றே வருவது அறிவியல் மனத்தை உறுத்த வேண்டிய செய்தி. மனிதரிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு அற்றவை. புதிய இரத்தக் குழாய்கள் அரும்பத் தூண்டுவதே இப்பெப்டைடின் ஆற்றல் என்கிறார்கள். காயத்தை ஆற்றும் அதே ஆற்றல் மறைந்திருக்கும் புற்றுக்கட்டிக்கும் உணவூட்டுமோ என்ற ஐயம் மெய்ப்பிக்கப்படவில்லை, விலக்கப்படவும் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல், மருந்தகங்கள் கலந்து கொடுப்பதற்குரிய பொருள்களுள் பாதுகாப்புக் கேடு கருதத்தக்கவற்றின் வரிசையில் இதை வைத்தது. நோயெதிர்ப்பு விளைவும், கலந்திருக்கக்கூடிய மாசுகளும், மனிதரைப் பற்றிய தரவின்மையும் அது காட்டிய காரணங்கள்.

மறுபுறம் நிற்கும் செமாக்ளூடைடின் நிலை வேறு. 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் 68 வாரம் பங்கேற்றனர். மருந்து பெற்றோர் சராசரியாக 14.9 விழுக்காடும், வெற்றூசி பெற்றோர் 2.4 விழுக்காடும் எடை குறைந்தனர். மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேர் குமட்டலுற்றதும் அதே ஏட்டில் பதிவாகியுள்ளது. நன்மையை அளந்த கோலே தீமையையும் அளந்தது.

இரு மருந்துகளைச் சேர்ப்பதே தவறென்று நாம் கூறவில்லை. சேர்க்கும் முறை ஒன்று உண்டு. காக்ரிலின்டைடு என்னும் மற்றொரு பெப்டைடைச் செமாக்ளூடைடோடு இணைத்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியாயிற்று. 3,417 பேரை நான்கு பிரிவாக்கினர்: இணைப்பைப் பெற்றோர், இரண்டில் ஒன்றை மட்டும் பெற்ற இரு பிரிவினர், வெற்றூசி பெற்றோர். இணைப்பு 20.4 விழுக்காடும், செமாக்ளூடைடு மட்டும் 14.9 விழுக்காடும், காக்ரிலின்டைடு மட்டும் 11.5 விழுக்காடும், வெற்றூசி 3 விழுக்காடும் எடையைக் குறைத்தன. தனித்தனிப் பயன்களைக் கூட்டினால் வரும் தொகையை இணைப்பு எட்டவில்லை என்பதை நோக்குக. இவ்விணைப்பில் கோடிகள் கொட்டிய நிறுவனமே 25 விழுக்காட்டை எதிர்பார்த்து ஏமாந்தது. அதன் பங்கு விலையும் சரிந்தது. மருந்துகள் கூட்டற்கணக்குக்குக் கட்டுப்படுவனவல்ல.

ஒப்புதலற்ற இணைப்பில் அமெரிக்கா முன்னரே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. ஃபென்டர்மின் 1959 முதலும் ஃபென்ஃபுளுரமின் 1973 முதலும் அங்கே தனித்தனியே ஒப்புதல் பெற்றிருந்த எடைக்குறைப்பு மருந்துகள். 1992இல் 121 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, இரண்டும் சேர்ந்தால் எடை நன்கு குறையுமென்றது. இணைப்புக்கு அரசின் ஒப்புதல் என்றுமே கிடைத்ததில்லை. யாரும் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. 1996இல் மட்டும் இம்மருந்துகளுக்கு 1 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் எழுதப்பட்டன. அடுத்த ஆண்டு மேயோ மருத்துவமனை மருத்துவர்கள், இணைப்பை உட்கொண்ட 24 பெண்களிடம் இதய வால்வுகள் பழுதுற்றிருந்ததை வெளியிட்டனர். இம்மருந்துகளை உட்கொண்டோருள் அறிகுறியற்ற 291 பேரைச் சோதித்ததில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு வால்வில் மாறுபாடு தென்பட்டது. 1997 செப்டம்பரில் ஃபென்ஃபுளுரமின் சந்தையினின்று அகற்றப்பட்டது.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். குற்றவாளி இணைப்பன்று, ஃபென்ஃபுளுரமினே. ஃபென்டர்மின் இன்றும் விற்பனையில் உள்ளது. இணைப்பு செய்த கேடு வேறு. சிலர் சில காலமே உட்கொண்டுவந்த ஒரு மருந்தை, எண்ணற்றோர் நெடுங்காலம் உட்கொள்ளும்படி அது ஆக்கிற்று. ஒன்றன் தொல்லையை மற்றொன்று தணித்தமையால் இருபதாண்டுக்கு மேல் ஒளிந்திருந்த தீங்கு வெளிப்படுமளவுக்கு உட்கொள்வோர் பெருகினர். பி.பி.சி.157ஐ விற்போர் தரும் வாக்கும் இதுவே அன்றோ? குமட்டல் என்பது அளவைக் கூட்டாதே என்று உடல் விடுக்கும் அறிவிப்பு. மருத்துவர் அதைக் கேட்டு அளவை மெல்ல உயர்த்துவார், சிலவேளை குறைப்பார். அறிவிப்பையே அடக்கிவிட்டு அளவை உயர்த்துவது எங்கே கொண்டுவிடும் என்பதை எந்த எலியும் நமக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு இருந்த ஒரு காவல் இன்றைக்கு இல்லை. அன்று மருந்துச் சீட்டு இருந்தது. நோயாளியின் ஏடு இருந்தது. ஆகவே 24 பேரின் துன்பம் ஒன்றாய்த் தெரிந்தது. இன்று "ஆய்வுக்கு மட்டும்" என்று ஒட்டிய குப்பியில் தூள் வருகிறது. வீட்டிலேயே நீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். குப்பியில் உள்ளது எது, எவ்வளவு என்பதற்கு விற்பவனின் சொல்லே சாட்சி. கேடு விளைந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இந்தியாவிலும் 2025இல் டிர்செபடைடு என்னும் மற்றோர் ஊசிமருந்தும், எடைக்குறைப்புக்கான செமாக்ளூடைடும் விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், இப்பழக்கம் கடல் தாண்ட நெடுநாள் ஆகாது.

தடை மட்டும் போதுமென்று நாம் கருதவில்லை. ஊசி எழுதித்தரும் மருத்துவர், வேறென்ன சேர்க்கிறீர்கள் என்று கடிந்துகொள்ளாமல் கேட்டு ஏட்டில் பதிய வேண்டும். கடிந்தால் நோயாளி மறைப்பார். இப்பெப்டைடை எவரும் எளிதில் ஆக்கலாம் என்பதால் பெருநிறுவனங்களுக்கு இதைச் சோதிப்பதில் ஆதாயமில்லை. விற்பவர்களுக்கோ சோதிக்காமலே ஆதாயம் வருகிறது. எனவே இச்செலவு பொதுப்பணத்தின் பாற்பட்டது. முதலில், 2015இல் பதிவு செய்யப்பட்டு இன்றுவரை முடிவு வெளியாகாத மனித ஆய்வின் தரவு வெளிவர வேண்டும். பின்னர்த் தூய்மையும் அளவும் வரையறுத்த பாதுகாப்பு ஆய்வு. அதில் தேறினால் நான்கு பிரிவுகளுடைய ஒப்பீடு. நூற்றுக்கு 44 பேர்க்கு வரும் குமட்டல் குறைகிறதா என்றறிய ஆயிரக்கணக்கானோர் வேண்டியதில்லை. சில நூறு பேர் போதும்.