நாற்றங்காலில் கழிந்த வருஷங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினான். 2014-ல் வந்த படம். ஏ.ஆர்.ரஹ்மான் இசை என்பதால்தான் உட்கார்ந்தேன். பேஸ்பால் எனக்குத் தெரியாத ஆட்டம். ஆனால் படம் முடிந்தபின் அந்த இரண்டு பையன்களும் மனதை விட்டுப் போகவில்லை.

கதை உண்மைக் கதை. 2008-ல் ஓர் அமெரிக்க ஏஜெண்டு இந்தியாவில் பந்து எறியும் போட்டி நடத்தினார். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதில் தேறினார்கள். இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டதே கிடையாது. ரிங்குவின் தந்தை லாரி டிரைவர். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரோடும் ஒப்பந்தம் போட்டது. கையெழுத்தோடு படம் முடிந்துவிடுகிறது. எனக்கோ, நிஜக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றியது.

கையெழுத்துப் போட்டவுடன் யாரையும் பெரிய மைதானத்தில் இறக்கிவிட மாட்டார்கள். ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டும். லோயர் டிவிஷன், அப்பர் டிவிஷன், சூப்பரின்டென்டென்ட் என்று எங்கள் ஆபீஸில் இருந்த மாதிரியேதான். இதற்கு 'மைனர் லீக்' என்று பெயர். அமெரிக்கர்கள் 'பண்ணை' என்றும் சொல்வார்களாம். நான் படித்த பிரெஞ்சில் 'பெப்பினியேர்' என்ற சொல் உண்டு. நம் நாற்றங்கால்தான்.

ரிங்கு 2009 ஜூலையில் ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்தார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அப்படி வென்ற முதல் இந்தியர் அவர்தான். தினேஷை 2010-ன் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். ரிங்கு 2012-ல் ஏ நிலையில் 39 ஆட்டங்களில் பந்து எறிந்தார். அடுத்த வருஷம் முழங்கையில் காயம். 'டாமி ஜான்' என்ற அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டுவார்கள். கை பழையபடி ஆக ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அவர் டபுள் ஏ-யை எட்டவே இல்லை. 2018-ல் மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார்.

"பாவம், தோற்றுவிட்டான்" என்றான் பேரன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்றங்காலில் நிற்கும் நாற்று எல்லாமா வயலுக்குப் போகிறது? மைனர் லீகில் சேருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமல்தான் வீடு திரும்புகிறார்கள். நான் கேட்பது வேறு. அந்த வருஷங்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?

ரிங்கு சேர்ந்த காலத்தில் புதியவர்களுக்கு மாதம் 1,100 டாலர் அளவில்தான் சம்பளம். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சி வாரங்களுக்குச் சம்பளமே கிடையாது. இது வேலை அல்ல, தொழில் பழகுவது என்றார்கள் முதலாளிகள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இவர்களைக் காப்பாற்றாதபடி 2018-ல் அமெரிக்க காங்கிரஸே வழி செய்து கொடுத்தது. 2022-ல்தான் ஆட்டக்காரர்கள் யூனியனில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே ஏ நிலைக்கு வருஷம் 26,200 டாலர், டிரிபிள் ஏ-க்கு 35,800 டாலர் என்று ஒப்பந்தம் வந்தது. யூனியன் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இது எனக்கு ஏன் உறைக்கிறது என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வருஷம் நான் தற்காலிக ஊழியன். பிரெஞ்சில் படித்தவன்; இங்கிலீஷில் நோட் எழுத ராத்திரி விளக்கு வைத்துப் பழகினேன். நிரந்தரமானவர்கள் பார்த்த அதே ஃபைல்களைத்தான் நானும் பார்த்தேன். ஓய்வு பெறும்போது சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி, "அந்த நான்கு வருஷம் பென்ஷனுக்குச் சேராது" என்றார். பணம் போனதைவிட, அந்த நான்கு வருஷமும் நான் அங்கே இருக்கவே இல்லை என்பது போல் ஆனதுதான் வலித்தது.

பழகும் காலமும் வேலைக்காலம்தான். அந்தப் பையன் எறிந்த பந்தைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்தார்கள். மேலே ஏறினானா இல்லையா என்பது அதிர்ஷ்டம், உடம்பு, திறமை எல்லாம் சேர்ந்தது. எறிந்த பந்துக்குக் கூலி என்பது அதையெல்லாம் பொறுத்தது அல்ல. இதைப் பேரனிடம் சொன்னேன். அவனும் இப்போது ஒரு கம்பெனியில் சம்பளமில்லாத பயிற்சியில்தான் இருக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா, இதை எங்க மேனேஜர்கிட்ட சொல்ல முடியுமா?" என்றான்.

ஏன் முடியாது? ஒருத்தனாகப் போகாதே, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போ என்றேன்.